தெற்கே பின்வாங்கத் தெரிந்த அரசு: நூபியாவும் அதன் அண்டைப் பேரரசுகளும்

கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. பண்டைய நூபியர்கள் எகிப்திய நாகரிகத்தைப் பார்த்துப் பின்பற்றிய ஓர் எல்லைப்புற மக்கள் மட்டும்தானா என்பது முதல் பகுதி. எகிப்து, அசிரியா, பாரசீகம், ரோம் என்று தம் காலத்தின் மிகப் பெரிய வல்லரசுகளை எதிர்கொண்ட அவர்கள் எப்படி அழியாமல் நீடித்தார்கள் என்பது இரண்டாவது பகுதி. முதல் பகுதிக்கு என் பதில், அல்ல என்பதே. இரண்டாவதற்கான விடை அந்த மக்களின் வீரத்தில் இருப்பதைவிட நைல் ஆற்றின் அமைப்பிலும், வடக்கிலிருந்து அடி விழும்போதெல்லாம் ஆட்சி மையத்தைத் தெற்கே கொண்டுபோய் வைத்துக்கொண்ட வழக்கத்திலும் அதிகம் இருக்கிறது.

நூபியா என்பது தோராயமாக இன்றைய எகிப்தின் அஸ்வானிலிருந்து, வெள்ளை நைலும் நீல நைலும் கூடும் கார்த்தூம் வரையிலான ஆற்றங்கரை நாடு. இந்தத் தொலைவில் ஆறு இடங்களில் கருங்கல் பாறைகள் ஆற்றை மறிக்கின்றன. இவை உயரத்திலிருந்து விழும் அருவிகள் அல்ல. ஆனால் வெள்ளக் காலம் தவிர மற்ற நாட்களில் சரக்கேற்றிய படகுகளை இவற்றின் வழியே கொண்டுசெல்ல முடியாது. இந்தப் பாறைத்தடைகளை வடக்கிலிருந்து தெற்காக எண்ணுவது வழக்கம். எகிப்தியப் படைக்கு முதல் தடை வரை ஆறு ஓர் அரச பாதையாக இருந்தது. அதற்கப்பால் ஒவ்வொரு தடையும் படகுகளைக் கரையேற்றி இழுத்துச் செல்ல வேண்டிய செலவாக மாறியது. ஆயினும் அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். பாலைவனத்துப் பொன், தெற்கிலிருந்து வந்த தந்தம், கருங்காலி, சாம்பிராணி, சிறுத்தைத் தோல், கால்நடை, அடிமைகள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே வழியாகத்தான் எகிப்தை அடைந்தன.

கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் முதல் இரண்டு தடைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வாழ்ந்த மக்களைத் தொல்லியலாளர்கள் 'ஏ குழு' என்று அழைக்கிறார்கள். குஸ்துல் என்னுமிடத்தில் இவர்களது தலைவர்களின் செல்வம் மிக்க கல்லறைகள் கிடைத்தன. அங்கு கிடைத்த ஒரு தூபக்கலத்தில் அரண்மனை முகப்பும் வெண்முடி தரித்த உருவமும் செதுக்கப்பட்டிருப்பதைக் கொண்டு, பாரோ என்னும் அரசமரபே நூபியாவில்தான் தோன்றியது என்று சிலர் வாதிட்டதுண்டு. ஒரு கலத்தின் மீது அவ்வளவு பெரிய முடிவை ஏற்றுவது பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். அந்த வகைச் சின்னங்கள் அதற்கு முன்பே மேல் எகிப்தில் காணப்படுகின்றன. இரு பக்கத்துத் தலைவர்களும் ஒரே அரசியல் மொழியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது மட்டும் தெளிவு. எகிப்து ஒரே அரசாக இணைந்தவுடன் இந்தக் குழு வரலாற்றிலிருந்து மறைகிறது. பிறகு அரசன் ஸ்னெஃப்ரு நூபியாவைத் தாக்கி 7,000 கைதிகளையும் 2,00,000 கால்நடைகளையும் கொண்டுவந்ததாக, பழைய எகிப்திய மன்னர்களின் ஆண்டுக்குறிப்பான பலெர்மோ கல்வெட்டு கூறுகிறது. அரசாங்கங்கள் தம் வெற்றியைத் தாமே எண்ணிச் சொல்லும் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நிலப்பகுதி அடுத்த சில நூற்றாண்டுகள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது என்பதைத் தொல்லியலும் உறுதி செய்கிறது.

போரை விட்டு வணிகத்துக்கு வந்தால், ஆறாம் வம்சக் காலத்தில் அஸ்வானில் அதிகாரியாக இருந்த ஹர்குஃப் தன் கல்லறை முகப்பில் பொறித்துவைத்த பயணக் குறிப்புகள் கிடைக்கின்றன. யாம் என்னும் தெற்கு நாட்டுக்குப் பலமுறை சென்ற அவன், ஒருமுறை 300 கழுதைகளில் சாம்பிராணியும் கருங்காலியும் தந்தமும் ஏற்றித் திரும்பினான். இன்னொரு பயணத்தில் நடனமாடும் குள்ளர் ஒருவரை அழைத்துவருவதாக அவன் செய்தி அனுப்ப, அப்போது சிறுவனாக இருந்த அரசன் இரண்டாம் பெப்பி மகிழ்ச்சி தாங்காமல் பதில் எழுதினான். அந்தக் குள்ளர் படகிலிருந்து ஆற்றில் விழுந்துவிடாதபடி ஆட்களைச் சுற்றி நிறுத்தி, இரவில் பத்து முறை பார்த்துக்கொள்ளச் சொல்லும் அந்தக் கடிதத்தை ஹர்குஃப் பெருமையோடு கல்லிலேயே வெட்டிவைத்தான். இந்தக் கல்வெட்டில் நமக்கு முக்கியமான செய்தி வேறு. அவன் வழியில் சந்தித்த நூபியத் தலைவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் வலுப்பெற்று வருகிறார்கள். கடைசியில் யாம் நாட்டுப் படையின் துணை இருந்ததால்தான் அவன் கூட்டம் தடையின்றித் திரும்ப முடிந்தது.

அந்த வளர்ச்சியின் முடிவில் நிற்பது கெர்மா. மூன்றாம் பாறைத்தடைக்குச் சற்றுத் தெற்கே, ஏறக்குறைய கி.மு. 2500 முதல் 1500 வரை தழைத்த இந்த நகரமே குஷ் என்று எகிப்தியர் அழைத்த அரசின் முதல் தலைநகரம். அதன் நடுவில் தெஃபூஃபா எனப்படும் சுடாத செங்கல் கோயில் இன்றும் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. இடுகாட்டில் கடைசிக் காலத்து அரசர்களின் மண்மேடுகள் 90 மீட்டர் விட்டம் வரை பரந்தவை. ஒரு மேட்டில் அரசனோடு சேர்த்துப் புதைக்கப்பட்டவர்கள் முந்நூறு பேருக்கும் மேல். அதற்கு முந்தைய காலத்துக் கல்லறை ஒன்றின் விளிம்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரு தலைவனின் சாவுக்கென்று திரட்ட முடிந்த சமூகத்தை வெறும் மேய்ச்சல் குடிகள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அப்படித்தான் நெடுங்காலம் சொன்னார்கள். 1913 முதல் 1916 வரை இங்கு அகழாய்வு செய்த அமெரிக்கர் ஜார்ஜ் ரெய்ஸ்னர், மண்மேடுகளுக்குள் எகிப்திய ஆளுநன் ஒருவனின் சிலையையும் அவன் மனைவி சென்னுவியின் அழகிய சிலையையும் கண்டெடுத்தார். உடனே, கெர்மா எகிப்தியர் ஆண்ட வணிகக் குடியிருப்பு, மேட்டில் கிடப்பவர்கள் எகிப்திய ஆளுநர்கள் என்று முடிவு கட்டினார். கறுப்பின மக்கள் இத்தகைய நகரத்தைத் தாமே கட்டியிருக்க முடியாது என்ற அக்காலத்து இனவாத நம்பிக்கை அந்த முடிவின் அடியில் இருந்தது. உண்மையில் அந்தச் சிலைகள் கல்லறைகளைவிடப் பல தலைமுறைகள் மூத்தவை, எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. ரெய்ஸ்னர் மிகத் திறமையான அகழாய்வாளர். அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே பின்வந்தவர்கள் அவர் முடிவைத் தள்ள முடிந்தது. 1970களிலிருந்து சார்லஸ் போனே தலைமையிலான சுவிஸ் குழு, மதிலும் அரண்மனையும் பட்டறைகளும் கொண்ட முழு நகரத்தையும் வெளிக்கொணர்ந்தது.

கெர்மாவை எகிப்து எவ்வளவு பெரிய ஆபத்தாகக் கருதியது என்பதை அளக்க வேண்டுமானால், இரண்டாம் பாறைத்தடையை ஒட்டி மத்திய அரசுக் காலத்து மன்னர்கள் கட்டிய கோட்டைகளைப் பார்த்தால் போதும். புஹென், மிர்கிஸ்ஸா, ஷல்ஃபக், உரோனார்டி, செம்னா என்று ஒன்றன் பார்வைக்குள் இன்னொன்று அமையும்படி எழுப்பப்பட்ட இவற்றில் புஹெனின் மதில் ஏறக்குறைய 5 மீட்டர் தடிமன். மூன்றாம் செனுஸ்ரெட் தன் 8ஆம் ஆட்சியாண்டில் செம்னாவில் நாட்டிய எல்லைக்கல், வணிகத்துக்கோ தூதுக்கோ வருபவரைத் தவிர எந்த நூபியனும் படகிலோ நிலவழியிலோ வடக்கே கடக்கக் கூடாது என்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து அவன் நாட்டிய இரண்டாவது கல்லோ, நூபியர்கள் மதிக்கத்தக்கவர்கள் அல்லர், அடித்தால் ஓடுபவர்கள் என்று இகழ்கிறது. ஓடுபவர்களுக்கு எதிராக இத்தனை கோட்டைகள் எதற்கு என்ற கேள்வியை அந்தக் கல்லே நம்மிடம் எழுப்பிவிடுகிறது. கோட்டைகளிலிருந்து தென் எகிப்தின் பெருநகரமான தீப்ஸுக்கு அனுப்பிய அன்றாட அறிக்கைகளின் பாப்பிரஸ் படிகளும் கிடைத்துள்ளன. பாலைவனம் பசியால் சாகிறது என்று சொல்லி பாலைவனத்து மெஜாய் மக்கள் சிலர் வேலை கேட்டு வந்ததை அவற்றில் ஒன்று பதிவு செய்கிறது. அஸ்வான் உயர் அணை 1960களில் எழுந்தபோது இந்தக் கோட்டைகளில் பெரும்பாலானவை நீரில் மூழ்கின; உரோனார்டியும் ஷல்ஃபக்கும் உயரத்தில் இருந்ததால் தப்பின.

கி.மு. 1650 வாக்கில் எகிப்து பிளவுபட்டபோது ஆட்டம் தலைகீழானது. வடக்கே நைல் கழிமுகமான டெல்டாவை, ஆசியாவிலிருந்து வந்த ஹிக்சோஸ் மன்னர்கள் அவாரிஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். கோட்டைகள் குஷ் வசமாயின. தீப்ஸ் மன்னன் கமோஸ், ஒருவன் அவாரிஸிலும் இன்னொருவன் குஷ்ஷிலும் அமர்ந்திருக்க நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தன் கல்வெட்டில் குமுறுகிறான். ஹிக்சோஸ் மன்னன் அபெபி குஷ் மன்னனுக்கு எழுதிய கூட்டணிக் கடிதத்தைப் பாலைவன வழியில் கமோஸின் ஆட்கள் வழிமறித்துப் பிடித்தார்கள். எல்-காப் நகரத்து ஆளுநன் சோபெக்நக்தின் கல்லறையில் 2003இல் வாசிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, குஷ் படை பல இனத்தாரையும் திரட்டிக்கொண்டு எகிப்துக்குள்ளேயே புகுந்ததைச் சொல்கிறது. அரச கல்வெட்டுகள் எவையும் ஒப்புக்கொள்ளாத அந்த அவமானத்தை ஓர் உள்ளூர் அதிகாரியின் கல்லறை காட்டிக்கொடுத்தது. கெர்மா மேடுகளில் கிடந்த எகிப்தியச் சிலைகள் எப்படித் தெற்கே வந்தன என்ற கேள்விக்கும் இது பொருத்தமான விடை தருகிறது.

பழிக்குப் பழியாக வந்த எகிப்தியப் படையெடுப்பு கடுமையானது. கி.மு. 1500 வாக்கில் முதலாம் துட்மோஸ் நான்காம் தடையையும் தாண்டிக் குர்குஸ் வரை சென்று பாறையில் தன் எல்லையைப் பொறித்தான். கொல்லப்பட்ட நூபியன் ஒருவனின் உடலைக் கப்பல் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு வடக்கே திரும்பினான். மூன்றாம் துட்மோஸ் காலத்துக்குள் கெர்மா அரசு முடிந்துபோனது. அடுத்த நானூறு ஆண்டுகள் 'குஷ்ஷின் அரசகுமாரன்' என்ற பட்டம் தாங்கிய எகிப்திய அதிகாரிகள் நூபியாவை ஆண்டார்கள். சோலெப், அபு சிம்பெல் போன்ற கோயில்கள் எழுந்தன. உள்ளூர்த் தலைவர்களின் பிள்ளைகள் எகிப்திய அரண்மனையில் வளர்க்கப்பட்டார்கள். மியாம் நகரத் தலைவன் ஹெகாநெஃபெர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. துட்டன்காமூன் காலத்து ஆளுநன் ஹூயின் கல்லறை ஓவியத்தில் அவன் நூபிய உடையில் மண்டியிட்டுக் கப்பம் செலுத்துகிறான். தோஷ்காவில் அவன் தனக்காக வெட்டிக்கொண்ட கல்லறையிலோ முழு எகிப்தியப் பிரபுவாகக் காட்சி தருகிறான். அரச ஓவியத்துக்கு ஓர் அடங்கிய அந்நியன் தேவைப்பட்டான். அந்த வேடத்தை அவனுக்குப் போட்டுவிட்டார்கள்.

கி.மு. 1070 வாக்கில் எகிப்தியப் பேரரசு தளர்ந்து வெளியேறிய பின், நான்காம் தடைக்கு அருகே நபாட்டாவில் புதிய நூபிய அரசமரபு ஒன்று தலையெடுத்தது. அங்குள்ள ஜெபெல் பர்கல் குன்றை எகிப்தியரின் தலைமைத் தெய்வமான அமூனின் உறைவிடம் என்று துட்மோஸ் காலத்திலிருந்தே கருதினார்கள். அமூன் வழிபாட்டை நபாட்டா மன்னர்கள் தமதாக்கிக்கொண்டு, அந்தத் தெய்வத்தின் உண்மையான காவலர்கள் நாங்களே, சீரழிந்துகிடக்கும் எகிப்தைத் தூய்மைப்படுத்துவது எங்கள் கடமை என்ற கொள்கையோடு வடக்கே திரும்பினார்கள். பின்பற்றுதல் என்ற சொல் இங்கு சற்றும் பொருந்தவில்லை. ஒரு சமயத்தின் உரிமையை அதன் பிறப்பிடத்திலிருந்தே பறித்துக்கொள்வது அரசியலில் மிகத் துணிச்சலான செயல்.

அந்தத் துணிச்சலின் சாட்சியம் பியே மன்னனின் வெற்றிக்கல். 1862இல் ஜெபெல் பர்கலில் கிடைத்த அதன் 159 வரிகளும் கி.மு. 728 வாக்கில் நடந்த படையெடுப்பை விவரிக்கின்றன. தீப்ஸை அடையும் வீரர்கள் முதலில் ஆற்றில் நீராடித் தூய ஆடை உடுத்தி அமூனை வணங்க வேண்டும் என்பது அவன் கட்டளை. ஹெர்மோபோலிஸ் நகர முற்றுகைக்குப் பின் பணிந்த அதன் சிற்றரசன் நம்லோட்டின் அரண்மனையில் பெண்களைப் பார்க்கவும் விரும்பாத பியே, லாயத்துக்குச் சென்று அங்கே பட்டினி கிடந்த குதிரைகளைக் கண்டு, நீ செய்த எல்லாக் குற்றங்களையும்விட இது எனக்கு அதிகம் வலிக்கிறது என்று கடிந்துகொள்கிறான். இறுதியில் பணிய வந்த நான்கு சிற்றரசர்களில் விருத்தசேதனம் செய்யாதவர்களும் மீன் உண்பவர்களும் அரண்மனைக்குள் நுழைய முடியவில்லை. நம்லோட் ஒருவனுக்கே அனுமதி கிடைத்தது. பிறகு பியே எகிப்தில் தங்காமல் தெற்கே திரும்பினான். எல்-குர்ருவில் பிரமிடின் கீழ் அவனைப் புதைத்தபோது அவன் குதிரைகளையும் அருகில் நின்ற நிலையில் புதைத்தார்கள். எகிப்து மன்னர்கள் பிரமிடு கட்டுவதைக் கைவிட்டு அப்போது எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. குஷ் மன்னர்கள் அதைப் புதுப்பித்து, மொத்தத்தில் எகிப்திலுள்ளதைவிட அதிக எண்ணிக்கையில் கட்டினார்கள்.

பியேவின் வழிவந்தவர்களை எகிப்தின் 25ஆம் வம்சம் என்கிறோம். இணையத்தில் 'கறுப்பு பாரோக்கள்' என்று கொண்டாடப்படும் இவர்களது எகிப்திய ஆட்சி நூறு ஆண்டுகளுக்கும் குறைவே. குஷ் வரலாற்றின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது ஓர் அத்தியாயம்தான். கி.மு. 690 முதல் 664 வரை ஆண்ட தஹார்கா இவர்களில் புகழ் மிக்கவன். பைபிளில் இரண்டாம் இராஜாக்கள் நூலில் எத்தியோப்பிய அரசன் என்று வருபவன் இவனே. எத்தியோப்பியா என்று பழைய நூல்கள் சொல்வது பெரும்பாலும் குஷ் நாட்டைத்தான், இன்றைய எத்தியோப்பியாவை அல்ல. பாலஸ்தீனச் சிற்றரசுகளின் பூசலில் தலையிட்டதால் அசிரியாவின் பகை நேர்ந்தது. கி.மு. 674இல் அசிரிய மன்னன் எசர்ஹத்தோனின் படையைத் தஹார்கா முறியடித்தான். 671இல் வட எகிப்தின் தலைநகரான மெம்பிஸ் விழுந்தது. மன்னன் தப்பினான், மனைவி மக்கள் பிடிபட்டார்கள். இன்றைய துருக்கியில் உள்ள ஜின்சிர்லியில் எசர்ஹத்தோன் நாட்டிய கல்லில், உதட்டில் கயிறு கோக்கப்பட்டு அவன் காலடியில் மண்டியிடும் சிறிய உருவம் தஹார்காவின் மகன் என்று கருதப்படுகிறது. அடுத்த மன்னன் தனுதமானி எகிப்தை மீட்கச் சென்று சிறிது காலம் வென்றான். அதற்குப் பதிலடியாக எசர்ஹத்தோனின் மகன் அஷூர்பானிபாலின் படை கி.மு. 663இல் தீப்ஸைச் சூறையாடியது. தனுதமானி நபாட்டாவுக்குத் திரும்பினான்.

இந்த இடத்தில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன வழக்கம் வேலை செய்கிறது. அசிரியர்கள் முதல் தடைக்குத் தெற்கே வரவில்லை. அசிரியத் தலைநகரான நினிவேயிலிருந்து அவ்வளவு தொலைவு ஒரு படையை ஊட்டி நடத்த முடியாது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் அசிரியாவே இல்லாமற்போனது; குஷ் இன்னும் ஆயிரம் ஆண்டுகள் இருந்தது. கி.மு. 593இல் எகிப்தின் இரண்டாம் சம்தீக் கிரேக்கக் கூலிப்படையோடு தெற்கே தாக்கியதும் இப்படியே முடிந்தது. அந்தக் கூலிப்படையினர் அபு சிம்பெல் சிலையின் காலில் தம் பெயர்களைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். கெர்மாவுக்கு அருகே டுக்கி கெல் என்னுமிடத்தில் தஹார்கா முதல் அஸ்பெல்தா வரையிலான மன்னர்களின் உடைந்த ஏழு சிலைகள் 2003இல் ஒரு குழியில் கிடைத்தன. அந்தப் படையெடுப்பின் அழிவாகவே அவற்றை ஆய்வாளர்கள் காண்கிறார்கள். பாரசீகத்தின் காம்பிசெஸ் அனுப்பிய படை உணவின்றி ஒருவரையொருவர் தின்னும் நிலைக்கு வந்து திரும்பியதாக ஹெரோடோட்டஸ் சொல்வதில் கற்பனை கலந்திருக்கலாம். ஆனால் பாலைவனம்தான் எதிரி என்ற அடிப்படைச் செய்தி சரியானது.

காலப்போக்கில் அரசின் ஈர்ப்பு மையம் இன்னும் தெற்கே, ஐந்தாம் ஆறாம் தடைகளுக்கு இடையே உள்ள மெரோவேக்கு நகர்ந்தது, கி.மு. 270 வாக்கிலிருந்து அரசர்களை அங்கேயே புதைத்தார்கள். மழையும் மேய்ச்சல் நிலமும் இரும்புத்தாதுவும் விறகும் அங்கு கிடைத்தன. இரும்புருக்கிய கசடு மேடுகளை இன்றும் காணலாம். அமூனுக்கு அருகே சிங்கமுகம் கொண்ட அபெதெமாக் என்ற உள்ளூர்த் தெய்வம் முன்னுக்கு வந்தது. எகிப்திய எழுத்தை விட்டு 23 குறிகள் கொண்ட சொந்த எழுத்தைப் படைத்துக்கொண்டார்கள். அதன் ஒலிகளை ஆங்கிலேய அறிஞர் கிரிஃபித் 1911 வாக்கில் கண்டறிந்துவிட்டார். மொழியின் பொருளோ இன்னும் பெரும்பகுதி புரியவில்லை. அதனால் மெரோவேயின் அரசியலை நாம் கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களின் வாய்வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

ரோமோடு நடந்த போரும் அப்படித்தான் நமக்கு வந்து சேர்கிறது. எகிப்தைக் கைப்பற்றிய ரோமானியர்கள் கி.மு. 25 வாக்கில் தம் படையில் ஒரு பகுதியை அரேபியாவுக்கு அனுப்பியிருந்த நேரம் பார்த்து, குஷ் படை அஸ்வானையும் எலிபன்டைனையும் ஃபிலேயையும் தாக்கி அகஸ்டஸின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஆளுநர் பெட்ரோனியஸ் துரத்திச் சென்று நபாட்டாவைச் சூறையாடினான். மெரோவே வரை செல்லவில்லை. கீழ் நூபியாவில் உள்ள பிரெம்னிஸ் கோட்டையில் இரண்டு ஆண்டுகளுக்கு உணவோடு 400 வீரர்களை நிறுத்திவிட்டுத் திரும்பினான். கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ ஒற்றைக்கண் கொண்ட ஆண்மை மிக்க பெண் என்று வருணிக்கும் கந்தாகே அந்தக் கோட்டையை நோக்கி மீண்டும் பெரும்படையோடு வந்தாள். கந்தாகே என்பது குஷ் அரசியரின் பட்டம்; அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பு சந்திக்கும் மந்திரியின் அரசியும் இப்பட்டம் தாங்கியவளே. முடிவில் அவளுடைய தூதர்கள் சாமோஸ் தீவில் அகஸ்டஸைச் சந்தித்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது, விதித்த கப்பமும் நீக்கப்பட்டது. ரோமின் எல்லை பிரெம்னிஸிலிருந்து வடக்கே மஹர்ரகாவுக்குப் பின்வாங்கியது. தோற்றவர்களுக்கு இப்படியொரு உடன்படிக்கை கிடைப்பதில்லை. 1910இல் மெரோவேயில் ஜான் கார்ஸ்டாங் தோண்டியபோது, அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒரு கோயில் படிக்கட்டின் அடியில், ஏறுபவர் ஒவ்வொருவரும் மிதிக்கும்படி புதைக்கப்பட்டுக் கிடந்தது. அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மெரோவேயை இறுதியில் வீழ்த்தியது வடக்கு அன்று. வணிகம் செங்கடலுக்கு மாறி, இன்றைய எத்தியோப்பியாவில் இருந்த அக்சும் அரசு வலுத்தது. நோபா மக்கள் உள்ளே குடிபுகுந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் நடுவில் அக்சும் மன்னன் எசானா அந்தப் பகுதிகளில் படை நடத்தினான். தெற்கே பின்வாங்கும் உத்திக்குத் தென்கிழக்கிலிருந்து வரும் எதிரியிடம் பதில் இல்லை. அதன் பின் எழுந்த நொபாடியா, மக்கூரியா, அலோடியா ஆகிய மூன்று அரசுகளும் ஆறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை ஏற்றன. 652இல் மக்கூரியாவின் தலைநகரான டொங்கோலாவை முற்றுகையிட்ட அரபுப் படை, கண்ணைக் குறிபார்த்து எய்யும் நூபிய வில்லாளர்களிடம் பெரும் சேதமடைந்து 'பக்த்' என்னும் உடன்படிக்கையோடு திரும்பியது. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் நீடித்த இந்த அமைதியை வரலாற்று நூல்கள் வியந்து பாராட்டுகின்றன. ஆனால் ஆண்டுக்கு 360 அடிமைகளை எகிப்துக்கு அனுப்பியே அது வாங்கப்பட்டது. விலையாகப் போனவர்களைப் பற்றி அந்த நூல்கள் அதிகம் பேசுவதில்லை. எகிப்து ஆளுநர் 758இல் நூபிய மன்னனுக்கு எழுதிய அரபுக் கடிதம் ஒன்று கீழ் நூபியாவில் உள்ள கஸ்ர் இப்ரிம் கோட்டையில் கிடைத்தது. நீங்கள் ஒற்றைக்கண்ணர்களையும் நொண்டிகளையும் தளர்ந்த கிழவர்களையும் சிறுவர்களையும் அனுப்புகிறீர்கள் என்று அதில் அவர் புகார் சொல்கிறார்.

அடிமை வீரர்களிலிருந்து எழுந்த மம்லூக்குகள் எகிப்தை ஆளத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1276இல் அவர்கள் தமக்கு வேண்டியவனை டொங்கோலா அரியணையில் அமர்த்தினார்கள். 1317இல் அங்கிருந்த சிம்மாசன மண்டபம் மசூதியாயிற்று. பதினான்காம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் டொங்கோலாவை விட்டு நீங்கிய அரசவைக்குத் தெற்கில் இடமில்லை. அது இம்முறை வடக்கே, கீழ் நூபியாவில் உள்ள தாவ் நகரத்துக்குச் சென்றது. ஜோயல் என்ற மன்னனின் பெயர் தாங்கிய 1484ஆம் ஆண்டு ஆவணம் வரை அந்த அரசின் தடம் தெரிகிறது.